கடைசிக் கடிதம் முதலில்

கப்பல் வரும் வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் பிறவியிலேயே இருப்புக் கொள்ளாது. அது அப்பாவிடமிருந்து வந்ததுதான் என்று அவர் என்னோடு வந்து தங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். தீவில், துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி மின்னி பே என்ற இடத்தில் அரசாங்கம் கொடுத்த பலகை வீடு எங்களுடையது. அவர் வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்தால் பலகைத் தரை முழுக்கச் சத்தம் போடும். கொஞ்சம் உட்காருங்களேன் என்று நான் கத்துவேன், கத்துகிற நானும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவருக்குக் காட்டிலாகாவில் வேலை, பக்கத்துத் தீவான பாராடாங்கில் மரம் வெட்டுகிற முகாமில் கணக்கர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலாகாப் படகில் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார். நாலு வயதில் ஒரு பெண், வயிற்றில் அடுத்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம்தான், ஆனால் எனக்கு அம்மா இல்லை. எட்டு மாத வயிற்றோடு நாலு நாள் கடல் பயணமும் ஆகாது. அதனால் அப்பாவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சென்னையில் கப்பல் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். மகளுக்குப் பேறு பார்க்க ஓர் ஆம்பிளை வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நன்றாகவே பார்த்தார். பையன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னை அடுப்படிப் பக்கம் விடவில்லை. சுக்கும் மிளகும் இடித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்து வைப்பார். பூண்டு உரித்து உரித்து அவர் நகக்கண் எல்லாம் வெந்து போயிருந்தது. பச்சைத் தண்ணீரில் கை வைத்தேன் என்றால் தொலைந்தேன். பெரியவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டுவது எல்லாம் அவர்தான். அவளோ தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து பாதி இந்தியும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவள். வெளியே போகவேண்டும் என்றால் 'தாத்தா, பாஹர் சலோ' என்பாள். 'சலோ, சலோ' என்று இவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரே மாதத்தில் அவளுக்கு நான் ஊட்டினால் சோறு இறங்காது என்றாகிவிட்டது. எனக்கு அதில் பொறாமை இல்லாமல் இல்லை.

ஆனால் மகள் வீட்டில் அப்பன் எத்தனை நாள் இருப்பது? அவருக்கு அது நெஞ்சில் முள். ஒவ்வொரு கப்பலுக்கும் தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பார். முதல் கப்பலுக்குப் பையனுக்குச் சளி, அடுத்த கப்பலுக்கு எனக்குக் காய்ச்சல். இப்படி எதையாவது சொல்லி நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால், நயமாகச் சொல்லி அல்ல. 'போங்க, போங்க, உங்களை யாரு கையப் புடிச்சு இழுத்தா' என்று எரிந்து விழுவேன். அவரும் வீம்புக்குப் பெட்டியில் வேட்டியை அடுக்குவார். பிறகு பிள்ளை தும்மும், பெட்டி திரும்பக் கட்டிலுக்கு அடியில் போகும்.

அடுத்த கப்பல் ஒரு திங்கட்கிழமை வந்தது. செவ்வாய் காலையில் தபால்காரர் வந்தார்.

எங்கள் தீவுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மெயின்லேண்டில் கடிதம் ஒன்றொன்றாக வரும், வருகிற வரிசையில் படிப்பார்கள். எங்களுக்குக் கப்பல் வந்தால் இரண்டு மூன்று வாரத்துக் கடிதங்கள் மொத்தமாக வரும். நாங்கள் தபால் முத்திரையில் தேதியைப் பார்த்து, கடைசியாக எழுதியதைத்தான் முதலில் பிரிப்போம். அதில் எல்லோரும் நலம் என்று இருந்துவிட்டால் முந்தைய கடிதங்களில் என்ன இடி விழுந்திருந்தாலும் கவலை இல்லை. முதல் கடிதத்தைப் பிரித்துப் பயந்து, இரண்டாவதில் அழுது, மூன்றாவதில் சிரிக்கிற கூத்தெல்லாம் புதிதாக வந்தவர்கள் செய்வது. யாருக்கு வந்த கடிதமானாலும் வீட்டில் முதலில் கையில் வாங்குகிறவர் கடைசியைப் பிரித்துப் பார்த்துவிடுவார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அன்று மூன்று இன்லண்ட் கடிதங்கள், மூன்றும் அப்பாவுக்கு. அனுப்பியவர் என் அத்தை மகன். அப்பா பின்பக்கம் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் முத்திரையைப் பார்த்துக் கடைசிக் கடிதத்தைப் பிரித்தேன்.

அத்தை இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை விடியற்காலை போய்விட்டாளாம். மறுநாள் எரித்துச் சாம்பல் கரைத்தாகிவிட்டது. தந்தி அடித்தாலும் கப்பல் இல்லாமல் நீங்கள் வந்து சேர முடியாது மாமா, வீணாகத் தவித்துப் போவீர்கள், அதனால்தான் கடிதத்தில் எழுதுகிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளவும் என்று முடித்திருந்தார்.

அப்பாவுக்கு அவள் அக்கா மட்டும் இல்லை. மூன்று வயதில் தாயை இழந்தவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் அவள். கல்யாணமாகிப் போனபோதும் தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாளாம். என் கல்யாணத்துக்கு அம்மா இடத்தில் நின்றவளும் அவள்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கடிதத்தைப் படித்தவுடன் முதலில் என் மனதில் என்ன வந்தது தெரியுமா? இனி அப்பா போகமாட்டார் என்பதுதான். அங்கே அவருக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டுவிட்டது, இனி இங்கேயேதான் என்று ஒரு நிம்மதி வந்தது. அடுத்த கணமே எனக்கு என்னைப் பார்த்து உடம்பு கூசியது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

அதற்குள் அப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் கையிலிருந்த கடிதம் எப்படியோ இடுப்புக்குப் போய்விட்டது. மேசைமேல் இருந்த இரண்டை எடுத்தார். ஊர்க்காரர் ஊர்ப் பழக்கப்படி பழையதை முதலில் பிரித்தார். அக்கா கீழே விழுந்துவிட்டாள், படுக்கையில் இருக்கிறாள், உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறாள் என்று அதில் இருந்தது. இரண்டாவதிலும் அதேதான், மாமா எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டிருந்தது. அவர் நின்றபடியே படித்தார்.

"எழுதி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இந்நேரம் எழும்பி இருப்பா. ஏதாவதுன்னா தந்தி வந்திருக்கும்லா?" என்றார் என்னிடம்.

வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொன்னால் சொல்வது அவருக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கும்பா என்றேன், அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட அந்த ஒரு நொடியைத்தான் பிறகு மூன்று நாள் சுமந்து திரிந்தேன்.

கப்பல் சரக்கு இறக்கி ஏற்றி வெள்ளிக்கிழமை காலை கிளம்பும். அப்பாவுக்குக் காலில் சக்கரம் கட்டியது போல ஆகிவிட்டது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். அங்கே ராமநாதபுரம் பக்கத்து பாய் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார், எங்களுக்கு நல்ல பழக்கம். கப்பல் டிக்கெட் எழுதும் இடத்தில் அவருக்கு ஆள் தெரியும். பங்க் கிளாசில், அதாவது கீழ்த்தட்டு அடுக்குப் படுக்கையில், ஓர் இடம் எப்படியாவது வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். அப்பா திரும்பி வரும்போதே பாதி ஊருக்குப் போய்விட்ட முகம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் தனியாகக் கஷ்டப்படக்கூடாதாம். இரண்டு வாரத்துக்கு வரும்படி விறகைப் பிளந்து அடுக்கினார். இருக்கிற பீப்பாய் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினார். பத்தியப் பொடி இடித்து டப்பாவில் போட்டு, தினமும் எவ்வளவு என்று கரண்டியால் அளந்து காட்டினார். பேத்தியை உட்காரவைத்து, தம்பி அழுதால் தொட்டிலை எப்படி ஆட்டவேண்டும், அம்மாவை எப்போது கூப்பிடவேண்டும் என்று பாடம் எடுத்தார். அவள் தன் கவுன் இரண்டைக் கொண்டுவந்து தாத்தாவின் பெட்டியில் வைத்தாள். அவர் எடுத்துக் கொடுப்பார், அவள் திரும்ப வைப்பாள். நடுநடுவே அவர் தனக்குத்தானே பேசிக்கொள்வார். அக்காவுக்கு இந்தத் தீவு மிளகு பிடிக்கும், இந்தப் பயலின் கால் தடத்தை மையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் சிரிப்பாள் என்பார். பிள்ளையின் உள்ளங்காலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தியும் எடுத்துவிட்டார்.

நான் அவர்மேல் வள்ளென்று விழுந்தேன். மையை யார் கழுவுவது, விறகுச் செதிலை யார் கூட்டுவது, பிள்ளை தூங்கும்போதுதான் உலக்கையைப் போடவேண்டுமா என்று எதற்கெடுத்தாலும் சண்டை. இடுப்பில் கடிதம் உறுத்திக்கொண்டே இருந்தது. புடவை மாற்றும்போது எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். சோற்றுக்கு அரிசி எடுக்கிறவர் அவர் என்பது நினைவுக்கு வந்து, ஓடிப்போய் எடுத்துப் பிள்ளையின் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிள்ளைக்கு அடியில் சாவுக் கடிதமா என்று அதையும் எடுத்தேன். கடைசியில் திரும்ப இடுப்புக்கே வந்தது.

அப்பா போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயமும் பொய்யில்லை. கணவர் பாராடாங்கில், கைப்பிள்ளை ஒன்று, தாத்தா கையால்தான் சாப்பிடுவேன் என்கிற பெண் ஒன்று. ராத்திரி பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவேன்? ஆனால் கடிதத்தைக் காட்டி அப்பாவை நிறுத்துவது, அத்தையின் சாவைக் கயிறாக்கி அவரைக் கட்டிப்போடுவது மாதிரி இருந்தது. காட்டாமல் அனுப்பினாலோ அது இன்னும் பெரிய பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் குற்றவாளி. இரண்டு நாளும் தட்டில் போட்ட சோறு பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. அவர் அதையும் பார்த்துவிட்டு, பால் வற்றிவிடும், தின்னு என்று அதட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பாயின் கடைக்குப் போனேன். பிரசவமாகி நாற்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. மேட்டுச் சாலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில் தலை சுற்றியது. தடுப்பூசிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று பாயிடம் கேட்கத்தான் போனேன். அவரோ என்னைப் பார்த்ததும் மேசை இழுப்பறையிலிருந்து டிக்கெட்டை எடுத்துச் சந்தோஷமாக நீட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கடைப்பையனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் டிக்கெட் விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"டிக்கெட் இல்லன்னு நான் சொல்லிருவேன் தங்கச்சி, அது பெரிசில்ல. அப்புறம் அடுத்த கப்பலுக்கு என்ன சொல்றது? இப்பவே போனாலும் நாலு நாள் கடல்ல அக்கா, அக்கான்னு போவாரு. எறங்கி அந்த வீட்டு வாசல்ல போயி நிப்பாரு. நீங்க சொல்லவேண்டியத அந்த வாசல்ல நிக்கிற யாரோ ஒருத்தர் சொல்லணுமா?"

அந்த வாசலை எனக்குத் தெரியும். கிழக்குப் பார்த்த வாசல், ஓரத்தில் முருங்கை. அதில் அப்பா கையில் மிளகுப் பொட்டலத்தோடு நிற்பது கண்ணுக்கு வந்தது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வரும் வழியில் எங்கும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். தீவில் ஐந்தேகாலுக்கே இருட்டத் தொடங்கிவிடும், அதனால் குளியல் எல்லாம் அதற்குள் முடிப்போம். பின்பக்கம் பீப்பாய்க்குப் பக்கத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து, பேத்திக்குத் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நேரே போய் அவர் முன்னால் நின்றேன். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்த ஒன்றும் வாயில் வரவில்லை.

"அப்பா, அத்தை போயிட்டாங்க" என்றேன்.

அவர் கை நின்றது. பேத்தியின் கண்ணில் சோப்பு நுரை இறங்கியது, அவள் சிணுங்கினாள். அவர் செம்பில் தண்ணீர் மொண்டு அவள் முகத்தைக் கழுவினார். தலையில் நாலு செம்பு ஊற்றி நுரை போகும்வரை அலசினார். துண்டால் துடைத்து, திண்டில் ஏற்றி உட்கார வைத்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்னைக்கு?"

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். எரித்த நாளிலிருந்து விரலை மடக்கி எண்ணினார்.

"இன்னைக்குப் பதினாறு" என்றார். "இந்நேரம் பந்தி முடிஞ்சிருக்கும்."

 கடிதத்தை மடித்துக்கொண்டே, "அந்தச் செவ்வாக்கிழமை நாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்ட்டி?" என்று கேட்டார்.

யோசித்தேன். துணிக்கொடி அறுந்து விழுந்தது அன்றைக்கா? இல்லை, அது புதன்கிழமை. பெரியவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தது? அதற்கு முந்தின வாரம். மழை பெய்ததா, வெயிலா, என்ன குழம்பு வைத்தோம், ஒன்றுமே நினைவில் இல்லை. நினைவு வரவில்லையே அப்பா என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு. ஒண்ணுமா தோணாது? என்னைப் பெத்தவ மாதிரி ஒருத்தி போயிருக்கா. நான் சிரிச்சுக்கிட்டுல்லா இருந்திருப்பேன்."

அப்போதுதான் உடைந்தார். சத்தம் போட்டு அழவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடித் தேடி அழுதார். பேத்தி திண்டிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

தூரத்துச் சாவை எப்போது கேட்டாலும் கேட்டவுடன் தலைக்கு ஊற்றிக்கொள்ளவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவருக்கு எழுந்து தண்ணீர் மொள்ளத் தெம்பில்லை. நான் செம்பை எடுத்தேன். பச்சைத் தண்ணீரைத் தொடாதே என்று அப்போதும் கையை நீட்டித் தடுத்தார். நான் கேட்கவில்லை. கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் தலையில் செம்பு செம்பாக ஊற்றினேன். நரைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தாத்தாவுக்கு ஏன் சாபுன் போடவில்லை என்று பெரியவள் கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

துவட்டி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். மேலே இருந்த முத்திரையையும் பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

அவரிடம் அதற்கு மேல் பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்தது, மற்ற இரண்டோடு வந்தது என்றேன். சொன்னால் நீங்கள் போகமாட்டீர்கள் என்று முதலில் தோன்றியதையும், அதற்குச் சந்தோஷப்பட்டதையும், அந்த வெட்கத்தில்தான் சொல்ல முடியாமல் போனதையும், டிக்கெட் இல்லையென்று சொல்லச் சொல்லி பாயிடம் போனதையும் ஒன்று விடாமல் கொட்டினேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

"மூணு கப்பலா என்கூடச் சண்டை போட்டே. போங்க போங்கன்னு சொன்னே. இருங்கப்பான்னு ஒரு நாளாவது சொன்னியா?"

 மகள் வீட்டில் எப்படி இருப்பது என்று நீங்கள்தானே பெட்டியை எடுத்தீர்கள் என்று முனகினேன்.

"நான் எடுப்பேன். அப்பன் எடுக்காம இருப்பானா? நீ கேட்டிருக்கணும்லா."

முப்பது வயதுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், எனக்கு அந்த ஒரு வார்த்தை வர அவ்வளவு நேரம் ஆயிற்று. வாய் கோணிக்கொண்டு போனது. இருங்கப்பா என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டிக்கெட்டை வாங்கி மடித்து, மிளகுப் பொட்டலத்தையும் மை அழுத்திய காகிதத்தையும் வைத்திருந்த இடத்தில் வைத்தார். 

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். அப்பா பேத்தியை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தேன். பாய் அனுப்பிய வண்டி வந்து, காத்திருந்து, அப்பா கையைக் காட்டியதும் திரும்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதியது. மூன்று முறை நீளமாக ஊதும், மின்னி பே வரைக்கும் கேட்கும்.

சோற்று உருண்டையோடு உயர்ந்த அவர் கை அப்படியே நின்றது. அவர் சன்னலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெரியவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு பொறுமை போய், அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள். அவர் அடுத்த உருண்டையை உருட்டினார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்தார். அத்தை வீட்டு வாசலுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. கப்பல் ஊதிய அன்றைக்கு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தைக்காக நான் அழுதது அப்போதுதான்.